தண்ணியில்லாக் காட்டில் 4 ராம்சார் தளங்கள்! - ராமநாதபுரம் மாவட்டத்தின் தண்ணீர்க் கதை

"ஒழுங்கா வேலை பார்க்கலைன்னா தண்ணியில்லாத காட்டுக்கு மாத்திடுவேன்!"

தமிழ் சினிமாவில் எந்த மேலதிகாரியும் சொல்லாமல் விட்டதில்லை இந்த வசனத்தை. ஊர் பெயரைச் சொல்லாவிட்டாலும் தியேட்டரில் இருப்பவர்களுக்குப் புரிந்துவிடும். அந்தக் காடு ராமநாதபுரம்தான். அரசு ஊழியர்கள் மத்தியில் பல ஆண்டுகளாக 'பனிஷ்மென்ட் டிரான்ஸ்ஃபர்' என்றால் கண்முன் வந்து நின்ற மாவட்டம் அது.

இப்போது ஒரு தகவல். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குக் கொடுக்கப்படும் அந்தஸ்து 'ராம்சார் தளம்'. ராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் 2022-ல் அந்தப் பட்டியலில் இடம்பிடித்தன. 2025-ன் தொடக்கத்தில் சக்கரக்கோட்டையும் தேர்த்தங்கலும் சேர்ந்தன. கடலில் இருக்கும் மன்னார் வளைகுடாவை விட்டுவிட்டு, நிலத்தில் மட்டும் எண்ணினாலே 4. தண்ணீரே இல்லாத காடு என்று பெயர் வாங்கிய ஊருக்கு, தண்ணீர் தேங்கி நிற்பதற்காக நான்கு முறை சர்வதேச அங்கீகாரம்!

இதில் இன்னும் சுவாரஸ்யம், இந்த நான்கில் ஒன்றுகூட இயற்கையான ஏரி இல்லை. நான்குமே கண்மாய்கள். பல தலைமுறைகளுக்கு முன்னால் மனிதர்கள் மண்ணை வெட்டிக் கரை போட்டு, விவசாயத்துக்காக உருவாக்கிய நீர்த்தேக்கங்கள். பறவைகள் பிறகு வந்து சேர்ந்துகொண்டன.

மழை குறைவா, பிடிக்கும் இடம் குறைவா?

ராமநாதபுரத்தில் மழையே பெய்யாது என்பது பாதி உண்மைகூட இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரைத் தாண்டி மழை பெய்யும் மாவட்டம் இது. பக்கத்திலேயே இருக்கும் தூத்துக்குடிக்கு இதைவிடக் குறைவு. பிரச்னை மழையின் அளவில் இல்லை, அது வரும் விதத்தில் இருக்கிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் சில நாட்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆண்டு முழுக்க ஓடும் ஆறு கிடையாது. நிலம் கடலை நோக்கித் தட்டையாகச் சரிகிறது. நிலத்தடியில் தோண்டினால் பல இடங்களில் உப்புத் தண்ணீர். பெய்ததைப் பிடித்து வைக்காவிட்டால் அடுத்த ஐப்பசி வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால்தான் இந்த மண்ணின் மனிதர்கள் கண்மாய் வெட்டினார்கள். ஒன்று, இரண்டு இல்லை... மாவட்டம் முழுக்க ஆயிரத்துக்கும் மேல். கூகுள் மேப்பில் சாட்டிலைட் படத்தை வைத்து ராமநாதபுரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். பிறை வடிவில் கரைகள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரிசைகட்டி நிற்கும். மீன் செதில் மாதிரி.

இந்த அமைப்பு வேலை செய்யும் விதம் எளிமையானது, ஆனால் கில்லாடித்தனமானது. மேட்டில் இருக்கும் கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியாக மறுகால் பாயும். அந்த உபரி நீர் அடுத்த கண்மாயின் வரத்துக் கால்வாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கும் அடுத்தது. இப்படி ஊர் ஊராக இறங்கி, கடைசிக் கண்மாய் நிறைந்த பிறகுதான் மிச்சம் கடலுக்கு. மேலே ஒரு ஊர் கலுங்கை உயர்த்திக் கட்டினால் கீழே உள்ள ஊர் காய்ந்துபோகும். எனவே, எந்த ஊர் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்கலாம், மடையை எப்போது திறக்கலாம் என்பதெல்லாம் ஊர்களுக்கு இடையிலான பேச்சும் வழக்குமாகவே இருந்தது. கோர்ட் வரை போன கலுங்குத் தகராறுகளும் உண்டு, வெட்டு, குத்தில் முடிந்தவையும் உண்டு.

வைகையின் முடிவே இதற்கு நல்ல உதாரணம். தேனி மாவட்ட மலைகளில் பிறந்து, மதுரையைக் கடந்து, அழகர் இறங்கும் அந்த ஆறு, மற்ற ஆறுகளைப்போல நேராகக் கடலில் போய்க் கலப்பதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் வந்து சேர்கிறது. அது நிறைந்து வழிந்தால்தான் மிச்சத் தண்ணீர் ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் கடலைத் தொடும். ஓர் ஆற்றையே கண்மாய்க்குள் கொண்டுவந்து நிறுத்தியவர்களின் ஊருக்குத்தான் 'தண்ணியில்லாக் காடு' என்று பெயர் வைத்தார்கள்.

மாவட்டத்தின் வடபகுதியில் இருக்கும் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய், தமிழகத்தின் மிகப்பெரிய கண்மாய்களில் ஒன்று. அது நிரம்பிய ஆண்டில் கரையில் நின்று பார்த்தால் மறுகரை தெரியாது.

கண்மாயைக் காவல் காத்தவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மடையைத் திறப்பது, வயல் வயலாகத் தண்ணீர் பாய்ச்சுவது, கரையில் ஓட்டை விழுந்தால் ராத்திரியோடு ராத்திரியாக அடைப்பது... இதற்கென்றே ஒவ்வோர் ஊரிலும் நீர்பாய்ச்சிகள் இருந்தார்கள். பெரும்பாலும் இன்று தேவேந்திரகுல வேளாளர் என்று அழைக்கப்படும் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். அறுவடையின்போது களத்திலேயே அவர்களுக்கு நெல் அளந்து கொடுப்பது வழக்கம். வெள்ளம் வரும்போது மடைக்குள் மூழ்கி அடைப்பைத் திறப்பது உயிரைப் பணயம் வைக்கும் வேலை. ஆனால், அந்த வேலைக்குக் கிடைத்த நெல்லின் அளவுக்கு மரியாதை கிடைத்ததா என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருவோம்.

முல்லைப் பெரியாறு... முதல் யோசனை இங்கிருந்துதான்!

முல்லைப் பெரியாறு அணை என்றால் பென்னிகுக் நினைவுக்கு வருவார். 1895-ல் அணை திறக்கப்பட்டது. தேனி, மதுரைப் பக்கம் வீட்டுக்கு வீடு அவர் படம் மாட்டியிருப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால், மேற்கே ஓடும் பெரியாற்றை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பலாம் என்ற யோசனைக்கு அவருக்கு நூறு ஆண்டுகள் முன்னாலேயே ராமநாதபுரத்தில் விதை போட்டிருக்கிறார்கள்.

அப்போது ராமநாதபுரம் சேதுபதிகளின் ஆட்சியில் இருந்தது. ராமேஸ்வரம் போகும் சேது வழியைக் காப்பவர்கள் என்பதால் 'சேதுபதி' என்று பெயர். 17-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்சிக்கு வந்த கிழவன் சேதுபதி, போகலூரில் இருந்த தலைநகரை ராமநாதபுரத்துக்கு மாற்றினார். அவர் காலத்து அரண்மனையின் ராமலிங்க விலாசம், சுவர் முழுக்க ஓவியங்களோடு இன்றும் நிற்கிறது. தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது. ராமேஸ்வரம் போகிறவர்கள் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் பார்த்துவிடலாம். பெரும்பாலானவர்கள் பைபாஸிலேயே போய்விடுகிறார்கள் என்பதுதான் சோகம்.

அந்த வம்சத்தில் வந்த முத்துராமலிங்க சேதுபதியின் பிரதானியாக இருந்தவர் முத்திருளப்ப பிள்ளை. 1789-ல் பெரியாற்றுத் தண்ணீரை வைகைக்குத் திருப்ப முடியுமா என்று ஆராய்ந்தவர் இவர்தான். முடியும், ஆனால் செலவு தாங்காது என்பதால் திட்டம் கைவிடப்பட்டது. சில ஆண்டுகளில் கதையே மாறிவிட்டது. கிழக்கிந்திய கம்பெனியோடு மோதிய முத்துராமலிங்க சேதுபதியை 1795-ல் பதவியிலிருந்து இறக்கிச் சிறையில் அடைத்தார்கள். திருச்சி, பிறகு சென்னை. 1809-ல் சிறையிலேயே இறந்துபோனார். அதற்குள் 1803-ல் அவர் சகோதரி மங்களேஸ்வரி நாச்சியாருக்கு ராமநாதபுரம் ஜமீனாகத் தரப்பட்டுவிட்டது. ராஜ்ஜியம் ஜமீன் ஆனது. கம்பெனிக்கு ஆண்டுதோறும் கட்ட வேண்டிய கிஸ்தி நிலையானது. மழை நிலையானதாக இல்லை.

இந்த ஜமீன் காலம்தான் கண்மாய்களுக்குக் கெட்ட காலத்தின் தொடக்கம். மழை பொய்த்த ஆண்டும் கிஸ்தி கட்டியாக வேண்டும் என்றால், கண்மாய் தூர்வார எங்கிருந்து காசு வரும்? ஊரே ஒன்றுகூடி வேலை செய்யும் குடிமராமத்தும் மெள்ள மெள்ளக் கைவிட்டுப் போனது. ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-ல் வந்து, கண்மாய்கள் அரசின் கைக்கு மாறின. பெரியவை பொதுப்பணித்துறைக்கு, சிறியவை ஊராட்சி ஒன்றியங்களுக்கு. ஊருக்குச் சொந்தமாக இருந்த பொறுப்பு ஃபைலுக்குள் போய்விட்டது.

பெரியாற்றுத் தண்ணீர் என்ன ஆனது? 1895-க்குப் பிறகு மேற்கிலிருந்து வந்தது. கம்பம் பள்ளத்தாக்கும் மதுரைப் பக்கமும் பச்சைப் பசேல் ஆனது. யோசனை சொன்ன ஊர், வைகையின் கடைக்கோடியில், மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சத்துக்காகக் காத்திருந்தது. 1959-ல் வைகை அணை வந்தது. பார்த்திபனூர் மதகு அணைக்கு எப்போது தண்ணீர் வரும், எத்தனை நாள் வரும் என்பது இன்றும் ராமநாதபுரம் விவசாயிகள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் எழுப்பும் கேள்வி.

மாவட்டம் இங்கே... ஆபீஸ் மதுரையில்!

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பகுதிகளைப் பிரித்து 1910-ல் ராமநாதபுரம் மாவட்டத்தை உருவாக்கினார்கள். முதல் கலெக்டர் ஜே.எஃப்.பிரையன்ட். ஒரு மாவட்டம் என்றால் அதன் தலைமை அலுவலகம் அந்த மாவட்டத்துக்குள் இருக்கும் என்றுதானே நினைப்போம்? இல்லை. ராமநாதபுரம் மாவட்டத்தின் தலைமையிடம் பல பத்தாண்டுகள் மதுரையில் செயல்பட்டது. பட்டாவோ, மனுவோ, முறையீடோ... கமுதியிலிருந்தும் திருவாடானையிலிருந்தும் மக்கள் இன்னொரு மாவட்டத்துக்குப் பஸ் ஏறிப்போய் தங்கள் கலெக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். 'தண்ணியில்லாக் காடு' என்ற பட்டப்பெயர் எங்கே பிறந்திருக்கும் என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், அந்த மதுரை ஆபீஸிலிருந்து தொடங்கலாம்!

அப்போதைய ராமநாதபுரம் மாவட்டம் மிகப்பெரியது. பட்டாசு தயாரிக்கும் சிவகாசி, நூற்பாலைகள் இருந்த ராஜபாளையம், வியாபாரத்துக்குப் பேர்போன விருதுநகர், செட்டிநாட்டின் காரைக்குடி எல்லாமே ராமநாதபுரம்தான். 1985-ல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. தொழில்கள் இருந்த மேற்குப் பகுதி விருதுநகர் பக்கமும், செட்டிநாடு சிவகங்கை பக்கமும் போயின. ராமநாதபுரத்துக்கு மிஞ்சியது கண்மாயும் கடற்கரையும் பனங்காடும். பெயரும் ராமேஸ்வரமும் கிடைத்தது, வருமானம் பிரிந்துபோனது. நிர்வாக வசதிக்காகச் செய்த பிரிவினைதான். ஆனால், இன்று மாவட்டம் பின்தங்கியிருப்பதைப் பற்றிப் பேசும் யாரும் இந்தக் கணக்கைப் பேசுவதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் மக்கள்தொகை 13,53,445. பத்தில் ஏழு பேர் கிராமங்களில் வாழ்கிறார்கள். 2018-ல் மத்திய அரசு 'முன்னேற விழையும் மாவட்டங்கள்' என்று பட்டியல் போட்டபோது தமிழகத்திலிருந்து இடம்பெற்றவை இரண்டுதான். ஒன்று விருதுநகர், இன்னொன்று ராமநாதபுரம். இரண்டுமே பழைய ராமநாதபுரம் என்பது தற்செயலாக இருக்க முடியாது. 2022 ஜனவரியில்தான் மாவட்டத்துக்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அதுவரை பெரிய சிகிச்சை என்றால் மதுரைதான்.

குடத்தோடு போன ஆயுள்

விவசாயத்துக்குக் கண்மாய். குடிப்பதற்கு? ஊரணி. கண்மாயில் மாடு குளிக்கலாம், ஊரணியில் கால்கூட நனைக்கக் கூடாது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்திருந்த ஊர்கள் உண்டு. மழைத் தண்ணீர் தெளிந்து நிற்கும். அதை மொண்டு, துணியில் வடிகட்டி, பானையில் ஊற்றிவைத்தால் ஃப்ரிட்ஜ் தண்ணீர் தோற்கும்.

கோடையில் ஊரணி வற்றும். அப்போது ஆரம்பிக்கும் பெண்களின் வேலை. வற்றிய ஊரணிக்குள்ளும் ஆற்று மணலிலும் ஊற்று தோண்டி, தேங்காய்ச் சிரட்டையில் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளிக் குடத்தை நிரப்ப வேண்டும். ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் என்பது ஊற்றைப் பொறுத்தது. ராத்திரி இரண்டு மணிக்கு ஊற்றில் இடம் பிடித்த பெண்கள் இன்று பாட்டிகளாக இருக்கிறார்கள். பேத்திகளுக்கு அது கதை.

முழுக்கக் கதையாகிவிடவில்லை என்பதற்குச் சாட்சி, இந்த மாவட்டச் சாலைகளில் இன்றும் தென்படும் தள்ளுவண்டிகள். நான்கைந்து குடங்களை வரிசையாக உட்கார வைப்பதற்காகவே பட்டறையில் சொல்லிச் செய்யப்பட்ட இரும்பு வண்டிகள். சில ஊர்களில் வீட்டுக்கு ஒன்று நிற்கும். சைக்கிள், டூவீலர்போல இதுவும் ஒரு குடும்பச் சொத்து. திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் வரும் காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிலைமையை நிறையவே மாற்றியது. குழாயில் தண்ணீர் வரும் நாளில் வண்டி வாசலில் நிற்கும். வராத நாளில் உருளும். குழாய் வந்த பிறகு ஊரணியைப் பராமரிப்பதை ஊர்கள் விட்டுவிட்டன என்பதுதான் இதில் இருக்கும் ஆபத்து. எங்கோ ஓரிடத்தில் குழாய் உடைந்தால், கைவசம் இருந்த பழைய வழியும் இல்லை.

கடலுக்குள் ஒரு வயல்

நிலத்தில் இவ்வளவு தவிப்பு என்றால், மாவட்டத்தின் இன்னொரு பாதி தண்ணீருக்கு நடுவிலேயே வாழ்கிறது. தமிழகக் கடற்கரையில் கிட்டத்தட்ட நான்கில் ஒரு பங்கு ராமநாதபுரத்துக்கு. ஒரு பக்கம் பாக் நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா.

வைகை கடலைத் தொடும் இடத்துக்கு அருகில் உள்ள அழகன்குளத்தில் தமிழகத் தொல்லியல் துறை செய்த அகழாய்வில் ரோமானிய நாணயங்களும், கப்பல் உருவம் கீறப்பட்ட பானை ஓடும் கிடைத்தன. 2,000 ஆண்டுகளாக இந்தக் கரைக்கு வெளிநாடு தூரமில்லை. கீழக்கரையின் மரைக்காயர்கள் கப்பலில் வியாபாரம் செய்து, 'செத்தும் கொடுத்தான்' என்று பேர் வாங்கிய வள்ளல் சீதக்காதியைத் தந்தார்கள். இன்றும் கீழக்கரையில் ஒரு தெருவைக் கடந்தால் துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று மூன்று நாட்டுச் செய்தியும் காதில் விழும்.

பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரியில் திறந்ததும் சென்னையில் டிக்கெட் எடுத்து, தனுஷ்கோடியில் ரயிலைவிட்டுக் கப்பலேறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போகும் 'போட் மெயில்' சாத்தியமானது. பணக்காரர்கள் அப்படிப் போனார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களுக்கு வழியில் இன்னொரு நிறுத்தம் இருந்தது. மண்டபம் முகாம். நோய் இருக்கிறதா என்று பார்க்க அவர்களை அங்கே தங்கவைத்துச் சோதித்த பிறகுதான் அனுப்பினார்கள். 1983-க்குப் பிறகு அதே முகாமில் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த அகதிகள் தங்கினார்கள். போனவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் இருந்திருக்கக் கூடும். ஒரே வளாகம், எதிரெதிர் திசையில் இரண்டு பயணம்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயலில் தனுஷ்கோடி அழிந்ததும், ரயிலோடு 100-க்கும் மேற்பட்ட பயணிகள் கடலில் போனதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. பாதிக்கப்பட்ட பாம்பன் பாலத்தை 46 நாள்களில் சரிசெய்தவர் இ.ஸ்ரீதரன், பின்னாளில் 'மெட்ரோ மேன்' ஆனவர். 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதிய பாலம் திறக்கப்பட்டுவிட்டது.

அந்தப் பாலத்துக்குக் கீழே, அதிகம் பேர் கவனிக்காத ஒரு விவசாயம் நடக்கிறது. கடல்பாசி. பாம்பன், சின்னப்பாலம், ஏர்வாடிப் பக்கத்துப் பெண்கள் சேலைக்கு மேல் சட்டை போட்டு, கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு கடலில் முங்குகிறார்கள். பாறை இடுக்கில் வளர்ந்திருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்து, இடுப்புப் பையில் போட்டு, மூச்சு முட்டும்போது மேலே வருகிறார்கள். அடுத்த நொடி மறுபடி உள்ளே. ஒரு நாளில் எத்தனை முறை முங்கினோம் என்று யாரும் எண்ணுவதில்லை. பாறை கிழிக்கும், உப்பு எரியும். ஐஸ்க்ரீமையும் ஜெல்லியையும் கெட்டியாக்கும் 'அகர்' இந்தப் பாசியிலிருந்துதான் எடுக்கிறார்கள்.

1986-ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்கா ஆனதும், இந்தப் பெண்களின் வயல் திடீரென்று வனத்துறையின் எல்லைக்குள் போனது. பாட்டி காலத்திலிருந்து போய்வந்த தீவுக்குப் போனால் வழக்கு. பவளப்பாறையைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால், பாசி அழிந்தால் முதலில் பட்டினி கிடப்பது தாங்கள்தான் என்பதை அந்தப் பெண்கள் அறிந்தே இருந்தார்கள். மாதத்தில் குறிப்பிட்ட நாள்கள் மட்டும் கடலுக்குப் போவது, வேரோடு பிடுங்காமல் கையால் மட்டுமே பறிப்பது என்று தங்களுக்குத் தாங்களே விதி போட்டுக்கொண்டார்கள். மேட்டுக் கண்மாய்க்காரர்கள் கலுங்கு உயரத்தில் கடைப்பிடித்த அதே கணக்குதான். இந்தப் பெண்களில் ஒருவருக்கு 2015-ல் அமெரிக்காவின் 'சீகாலஜி' விருது கிடைத்தது.

குண்டு மிளகாயும் கருவை மரமும்

கண்மாய்த் தண்ணீர் நிச்சயமில்லை என்பதால் இங்கே விவசாயமே ஒரு பந்தயம்தான். ஆவணி, புரட்டாசியில் காய்ந்த புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். மழை வந்தால் முளைக்கும். நெல்லுக்குப் போதாது என்று தோன்றும் இடத்தில் மிளகாய். உருண்டையாக, தடித்த தோலோடு, காரமும் மணமும் கொண்ட ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோடையில் களத்தில் காயப்போட்டிருக்கும்போது ஊரே சிவப்புக் கம்பளம் விரித்த மாதிரி இருக்கும். பக்கத்தில் போனால் தும்மல் நிச்சயம். நமது சாம்பார்ப் பொடி பாக்கெட்டில் இருப்பது இதுவாகவும் இருக்கலாம். குறியீடு கிடைத்துவிட்டது சரி, காய்ந்த மிளகாயைக் கெடாமல் வைத்து, நல்ல விலை வரும்போது விற்க எத்தனை சிறு விவசாயிகளால் முடிகிறது? கமிஷன் மண்டியில் அன்றைய விலைதான் விலை.

விதைக்காமல் விட்ட நிலத்தைச் சீமைக்கருவேலம் எடுத்துக்கொண்டது. 'வேலிக்கருவை' என்று இங்கே திட்டிக்கொண்டே சொல்லும் மரம். கண்மாய் உள்வாய்களையும் வரத்துக் கால்வாய்களையும் அது நிரப்பிவிட்டது. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அகற்றச் சொன்னபோது தமிழகம் முழுக்க ஜே.சி.பி-க்கள் இறங்கின. ஆனால், முதுகுளத்தூர், கடலாடிப் பக்கம் கருவையை வெட்டிக் கரிமூட்டம் போட்டு அதில்தான் பல குடும்பங்கள் அடுப்பெரிக்கின்றன. மழை பொய்த்த ஆண்டில் மிளகாய் கைவிட்டது, கருவை கைவிடவில்லை. தண்ணீரைக் குடிக்கும் வில்லன் என்று வெளியூரில் உட்கார்ந்து சொல்வது சுலபம். வேரோடு பிடுங்கும் முன் மாற்று வருமானம் என்ன என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

அதே கமுதியில் 2,500 ஏக்கரில் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் 2016-ல் வந்தது. அப்போது ஒரே இடத்தில் அமைந்த உலகின் மிகப்பெரிய சோலார் நிலையங்களில் ஒன்று. வெயிலுக்கும் விலை கிடைத்த இடம்!

மடையைத் திறந்தவர்களின் மரியாதை

ராமநாதபுரத்தைப் பற்றிப் பேசும்போது 1957-ஐத் தாண்டிப் போக முடியாது. அந்த ஆண்டு செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். ஒடுக்கப்பட்ட தன் சமூகத்துக்குச் சம மரியாதை கேட்டவர். தொடர்ந்து முதுகுளத்தூர் வட்டாரம் பற்றியெரிந்தது. கீழத்தூவலில் போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் மறவர் சமூகத்தைச் சேர்ந்த 5 பேர் உயிரிழந்தனர். அந்தச் சமூகமும் அதற்கு முன்பு பல ஆண்டுகள் குற்றப்பரம்பரைச் சட்டத்தால் அவமானப்படுத்தப்பட்டது. அந்தச் சட்டத்தை எதிர்த்துப் போராடிய பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் பிறந்ததும் இதே மாவட்டத்தில்தான். 2011-ல் இமானுவேல் சேகரன் நினைவு நாளிலேயே பரமக்குடியில் மறுபடி துப்பாக்கிச்சூடு, மறுபடி உயிரிழப்பு.

இன்றும் செப்டம்பர் 11-ம் அக்டோபர் 30-ம் வந்தால் வெளிமாவட்டப் போலீஸ் வேன்கள் வரிசையாக வந்து நிற்கும். அரசியல் தலைவர்கள் இரண்டு இடத்திலும் மாலை போடுவார்கள். இந்தப் பகையை வெறும் இரண்டு நினைவிடங்களின் கதையாகப் பார்ப்பது போதாது. ஒரே கண்மாயின் தண்ணீரை நம்பியிருந்தவர்கள் இவர்கள். கரை யாருக்கு, மடை யார் கையில், ஊரணியில் யார் குடம் முதலில் இறங்கும் என்பதிலும் சேர்த்துத்தான் இந்த மண்ணில் சாதி வாழ்ந்தது.

230 ஆண்டுக் காத்திருப்பு

இந்த மாவட்டம் தந்தவர்களின் பட்டியல் போட்டால் நீளும். விவேகானந்தரின் சிகாகோ பயணத்துக்குத் துணை நின்று, 1897-ல் அவர் திரும்பி வந்தபோது பாம்பனில் வரவேற்ற பாஸ்கர சேதுபதி. 1901-ல் மதுரையில் தமிழ்ச் சங்கம் நிறுவிய பாண்டித்துரைத் தேவர். ராமேஸ்வரத்திலிருந்து வந்து ராமநாதபுரம் சுவார்ட்ஸ் பள்ளியில் படித்த அப்துல் கலாம். பரமக்குடியில் பிறந்த கமல்ஹாசன். இவர்களில் பலருடைய உயரம் ஊரைவிட்டு வெளியே போன பிறகு வந்தது என்பதையும் கவனிக்கலாம். வளைகுடா நாட்டுக்கு விமானம் ஏறும் இளைஞர்களும் அதே வழியில்தான் போகிறார்கள், விளம்பரம் இல்லாமல்.

2021 பிப்ரவரியில் காவிரி - வைகை - குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. காவிரியின் வெள்ள உபரி நீரை மாயனூர் கதவணையிலிருந்து 262 கிலோமீட்டர் கால்வாய் வழியாகக் குண்டாறு வரை கொண்டுவருவது திட்டம். மதிப்பீடு 14,400 கோடி ரூபாய். குண்டாறு, கமுதி வழியாக வந்து ராமநாதபுரம் கடலில் சேரும் ஆறு. மூன்று கட்டங்களில் முதல் கட்டம் காவிரியிலிருந்து தெற்கு வெள்ளாறு வரை. இரண்டாவது வைகை வரை. குண்டாற்றைத் தொடும் மூன்றாவது கட்டம்தான் கடைசி. முத்திருளப்ப பிள்ளை ஆராய்ந்து பார்த்து 230 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. அடுத்த ஊர்த் தண்ணீர் வரும் வரிசையில் ராமநாதபுரம் இன்னும் கடைசியில்தான் நிற்கிறது.

அந்தக் கால்வாய் வரும்போது தண்ணீரை வாங்கித் தேக்கப்போவது வேறு எதுவும் இல்லை, இதே கண்மாய்கள்தான். தூர்ந்து மேடாகிப்போன உள்வாயில் எவ்வளவு தண்ணீர் நிற்கும், ஆக்கிரமிப்பில் காணாமல் போன வரத்துக் கால்வாய் வழியாக எப்படி வரும் என்பதற்கு 14,400 கோடியில் பதில் இல்லை. சில ஊர்களில் இளைஞர்கள் வெளிநாட்டிலிருக்கும் நண்பர்களிடம் வாட்ஸ்அப் குரூப்பில் பணம் திரட்டி, தங்கள் ஊரணியைத் தாங்களே தூர்வாரத் தொடங்கியிருக்கிறார்கள்.

நல்ல மழை பெய்த ஆண்டுகளில் மார்கழி, தை மாதங்களில் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பக்கம் போனால், கண்மாய்க்குள் நிற்கும் கருவேல மரங்கள் முழுக்க மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் நத்தைகுத்தி நாரைகளும் கூடு கட்டியிருக்கும். பறவைகளின் எச்சம் கலந்த அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்குப் போகும்போது உரச் செலவு குறையும் என்பது அங்குள்ள விவசாயிகளின் கணக்கு. மழை பெய்யாத ஆண்டில் பறவைகள் வருவதில்லை. கரையில் வனத்துறையின் பெயர்ப்பலகை மட்டும் நிற்கும்.